படகு மூக்கில் இரண்டு விரல் மிச்சம்

தையல்காரருக்கு ஆற்றில் தனியாகத் துடுப்புப் போட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. கயாக் என்று ஒற்றை ஆள் படகு இருக்கிறதே, அதைத் தன் கையாலேயே செய்வேன் என்று பின்னறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிடித்த பிடியை விடாத மனுஷன். மனைவியோ அவருக்கும் மேல். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா தங்க வருகிறாள். வீட்டில் இருக்கிற ஒரே காலி அறை அதுதான்.

“சனிக்கிழமைக்குள்ள முடிங்க. இல்லன்னா வெளிய தூக்கிப் போட்டுடுவேன். மழையில ஊறட்டும்.”

நடுப்பக்கமெல்லாம் மெல்லிய ரீப்பர் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி வழவழவென்று வந்துவிட்டன. வம்பெல்லாம் இரண்டு நுனியில்தான். கூர்மையாகச் சேர வேண்டிய இடத்தில் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, குளவி கொட்டிய மூக்கு மாதிரி வீங்கி நின்றன. எலாஸ்டிக் போட்டு இறுக்கிப் பார்த்தார். ம்ஹூம்.

டீ கொண்டுவந்த மனைவி குனிந்து பார்த்தாள்.

“ஏங்க, ஒவ்வொண்ணும் ரெண்டு விரல் அதிகமா நீட்டிக்கிட்டு இருக்கே?”

“உள்மடிப்புக்கு விட்டது.”

“எதுக்கு?”

“பின்னாடி பிரிச்சு விடணும்னா...” பாதியில் அவரே வாயை மூடிக்கொண்டார்.

“ஏன், படகு என்ன வருஷா வருஷம் குண்டாகுமா?”

வாடிக்கைக்காரருக்கு உடம்பு போடும் என்று துணியில் மிச்சம் விட்டே பழகிய கை, மரத்துக்கும் விட்டுவிட்டது. சரி, வெட்டலாம் என்றால் கை வரவில்லை.

“கட்டை குறைஞ்சுபோச்சுன்னா ஒட்டுப்போட முடியாதுடி.”

“அப்ப வெளிய போட்டுடவா?”

ரம்பத்தை எடுத்தார். ஒவ்வொரு நுனியையும் சாய்வாக வெட்டி, மூக்கை நெருங்க நெருங்க ஒடுங்கும்படி இழைப்புளியால் சீவி, வைத்துப் பார்த்து, மறுபடி சீவிப் பொருத்தினார். ஒன்று நகக்கண் அளவு குறைந்தேபோனது. மனைவியைத் திட்டிக்கொண்டே அந்தச் சந்தில் ஒரு மெல்லிய மரச் சிம்பைச் செருகிப் பசை தடவினார். சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு மூக்கும் கத்தி முனைபோலச் சேர்ந்து, எலாஸ்டிக் கட்டோடு கிடந்தன.

மறுநாள் அக்கா பையோடு பின்னறை வாசலில் நின்றாள்.

“இதைக் கொஞ்சம் வெளிய தள்ளுடி.”

“அதுல கை வைக்காதக்கா! பசை இன்னும் காயல. நீ என்கூட ஹால்ல படுத்துக்க.”

தையல்காரர் நிமிர்ந்தார். “நீதானே தூக்கிப் போடுறேன்னு குதிச்ச?”

“முடிக்கலன்னாதானே சொன்னேன்?” என்றவள், அக்காவின் பையை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.