ரத்த வங்கிக் கணினியை ஆன் பண்ணாதீங்க

என் அண்ணி பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நான் கிண்டல் செய்வேன், அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான். அப்படிப்பட்டவரை நம்பி ஒரு மருத்துவமனையின் அறுநூற்று நாற்பது கணினிகளை ஒப்படைத்திருந்தார்கள். நானும் அங்கேதான், கீழ்த்தளத்தில் டெலிபோன் ஆபரேட்டர்.

வேண்டாத மென்பொருளை நீக்குவது அண்ணியின் வேலைகளில் ஒன்று. கணினி கணினியாகப் போய் உட்கார வேண்டியதில்லை. தன் மேசையிலிருந்தே ஒரு கட்டளை அனுப்புவார். ஒவ்வொரு கணினியும் அதை வாங்கி வைத்துக்கொண்டு, குறித்த நேரத்தில் தானே நீக்கிவிடும். திரையில் ஒன்றும் தெரியாது. எடுக்கட்டுமா என்று ஒரு கேள்விகூட வராது. நர்ஸ் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பார், உள்ளே ஒன்று காணாமல் போயிருக்கும். "நாம வந்துட்டுப் போனதே அவங்களுக்குத் தெரியக் கூடாது," என்று அண்ணி கொஞ்சம் பெருமையாகவே சொல்வார். எனக்கு அதைக் கேட்கவே பிடிக்காது.

அந்த வாரம் நீக்க வேண்டியிருந்தது குறிப்பெழுதும் பழைய மென்பொருள் ஒன்று. அதில் ஏழெட்டுப் பதிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் பெயரையும் எழுத அலுத்துப்போய், அதைத் தயாரித்த கம்பெனியின் பெயரைப் போட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வைத்தார். அந்தப் பெயரில் தொடங்கும் எல்லாமே போகட்டும் என்று அதற்கு அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டும் அனுப்பிவிடவில்லை. முதலில் பத்துக் கணினிகளில் சோதித்தார். பத்தும் அலுவலகப் பிரிவைச் சேர்ந்தவை, பத்திலும் ஒழுங்காகப் போயிற்று. அன்று மாலையே எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பி, மறுநாள் காலை ஏழு மணி என்று குறித்தார்.

மறுநாள் எட்டேகாலுக்குப் பட்டியலைப் பார்த்தார். எல்லாம் முடிந்திருந்தது, ஒன்றைத் தவிர. ரத்த வங்கிக் கணினி அணைந்து கிடந்ததால் அது மட்டும் பாக்கி. அங்கே நீக்கப்படக் காத்திருந்த மென்பொருளின் பெயர் வேறாக இருந்தது. அதே கம்பெனி செய்த ரத்தப் பதிவேடு அது.

அந்தப் பதிவேட்டில் முந்நூறு பேர் இருக்கிறார்கள். தங்கள் குரூப் ரத்தத்திலேயே சில வகை ஒத்துக்கொள்ளாதவர்கள். யாருக்கு எது ஆகாது என்பது அந்த ஒரு கணினியில்தான் இருக்கிறது. காகிதத்தில் எழுதுவதை நிறுத்தி நான்கு வருஷமாயிற்று. புதிதாகச் சோதித்தால் சிலருக்கு எதுவும் தென்படாமலே போகலாம், தப்பான ரத்தம் ஏறிய பிறகுதான் உடம்பு காட்டிக்கொடுக்கும். அதில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ள வருவாள். அன்று பத்து மணிக்கு அவளுடைய முறை.

மென்பொருளை நீக்கினால் பதிவேடும் சேர்ந்து அழியும். அண்ணி கட்டளையை ரத்து செய்தார். பிரயோஜனம் இல்லை. கணினி நேற்றே அதை வாங்கி வைத்துக்கொண்டுவிட்டது. ஆன் செய்ததும் விட்டுப்போன வேலையை முதலில் முடிக்கும், அப்புறம்தான் ரத்து செய்ததைப் படிக்கும். ரத்த வங்கி டெக்னீஷியன் எட்டரைக்கு வந்து அதை ஆன் செய்துவிடுவார்.

எனக்கு போன் வந்தது. குரலை வைத்து அண்ணி என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரத்த வங்கிக்குப் போட்டுக்கிட்டே இரு. யார் எடுத்தாலும் கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்கன்னு சொல்லு. நான் ஓடறேன்."

"என்னாச்சு அண்ணி?"

"அந்தக் குழந்தை செத்துடும்டி."

போனை வைத்துவிட்டார். அவர் இருப்பது நான்காம் மாடி, ரத்த வங்கி எதிர்க் கட்டடம். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டெலிபோன் போர்டில் மற்ற விளக்குகளெல்லாம் மினுக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டன. எதையும் தொடவில்லை. ஆறாவது தடவை டெக்னீஷியன் எடுத்தார்.

"சார், கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க."

"இப்பத்தான் பண்ணேன். ஏம்மா?"

"சுவத்துல இருக்கற பிளக்கைப் பிடுங்குங்க. உடனே."

அவர் சிரித்தார். போன மாதம்தான் விளையாட்டுக்கு, அவருடைய நாற்காலியை ஏலம் விட்டாயிற்று என்று அவரை நம்பவைத்தவள் நான். "இன்னிக்கு என்ன, கம்ப்யூட்டர் ஏலமா?"

"சார், சத்தியமா சொல்றேன், பிடுங்குங்க," என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பு நின்றது. நாற்காலி உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

என் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டு நான் ரத்த வங்கிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டியிருந்தார்கள். டெக்னீஷியன் ஒவ்வொரு பெயராகப் படிக்க, அண்ணி எண்ணிக்கொண்டிருந்தார். மென்பொருளில் பாதி போயிருந்தது. பதிவேட்டில் ஒரு பெயர்கூடப் போகவில்லை. குழந்தையின் பெயர் வந்ததும் அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"விடுங்கம்மா, பெருசா ஒண்ணும் ஆகலையே," என்றார் டெக்னீஷியன். "கரண்ட் போயி கெட்டுப்போச்சுன்னு எழுதிக்கறேன். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"அதாங்க பயமா இருக்கு," என்று எழுந்தார் அண்ணி.

நேரே நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனார். நான் துணைக்குப் போய்க் கதவருகில் நின்றேன். வேலை போகப்போகிறது, அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் என் கவலை. அண்ணி நட்சத்திரக் குறியிலிருந்து பிளக் வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதே மாதிரி நட்சத்திரம் வச்சு இதுக்கு முன்னாடி எத்தனை தடவை எடுத்திருக்கீங்க?"

"இருபத்தாறு தடவை சார்."

"அப்பல்லாம் கூடவே வேற எது போச்சு?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்து வாசலில் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"தெரியாது சார்."