மச்சினன் பிடிக்கிற கயிறு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இங்கிலீஷில் கோட்டை விட்டவன் தமிழில் எழுதி என்னத்தைக் கிழிக்கப் போகிறான் என்று நோட்டை மூடிவிட்டு, மத்தியானத் தூக்கத்துக்குப் பாயைத் தட்டிப் போட்டேன். எதிர்ச்சுவர் ஓரமாக அத்தான் படுத்திருந்தார். காதில் பஞ்சு. அந்தக் காது தரையில் படாமல் இருக்கப் புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு தூங்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அத்தானுக்கு வாசிக்கத் தெரியாது. அக்கா எழுத்துக் கூட்டி வாசிப்பாள், ஆனால் அவளுக்கு நேரம் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா புதுத் துறைமுகத்துக்குக் கல் இறக்குகிற வேலைக்குப் போகிறவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியதை வீட்டுக்கு வந்த செலவாகத்தான் பார்த்தார்.

“காலேசுக்குப் போணும்னா போ. எங்கிட்டருந்து ஒத்தப் பைசா பேராது. அங்கன கல்லு மலையாட்டம் கெடக்கு, தூக்க ஆளில்ல.”

“நீங்க இருக்குத வரைக்கும் கல்லுக்கு என்னப்பா கவலை” என்றேன்.

வாய் சும்மா இருக்காது எனக்கு. அன்று சாயங்காலமே சட்டைகளைச் சுருட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா வாசல்வரை வந்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அத்தான் சங்கு குளிக்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “படிக்கணும், அவ்வளவுதான? காலேசு நாள்ல நான் வேற வேலைக்குப் போய்க்கிடுதேன். லீவு நாள்ல எங்கூட வள்ளத்துக்கு வா. கயிறு புடி. கயித்துப் பங்கு உனக்கு. அத காலேசுல கொண்டு கட்டு.”

சங்கு குளிப்பது பார்க்கச் சுலபம். கனமான கல்லில் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார். மணலில் கிடக்கிற சங்கைப் பொறுக்கி, கழுத்தில் தொங்குகிற வலைப்பையில் போடுவார். மூச்சு முட்டும்போது இடுப்புக் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருக்கிறவன் உடனே இழுக்க வேண்டும். அந்த மேலே இருக்கிறவன் மச்சினனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கரையின் வழக்கம். அண்ணன் தம்பியிடம் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், சொத்தில் பங்கு இருக்கிறவன். மச்சினன் கை தளர்ந்தால் தாலியறுப்பது அவன் கூடப் பிறந்தவள். அதனால் அவன் கை தளராது.

வள்ளத்தில் நான்தான் எல்லாருக்கும் பொழுதுபோக்கு.

“அத்தான், நேத்து அக்காள ஏசுனீங்கள்லா. இன்னைக்கு லேட்டாத்தான் தூக்குவேன்.”

“தூக்காத. பொறவு உங்க அக்காளுக்கு ஆயுசு பூரா சோறு போடப்போறது நீதாம்ல” என்று சொல்லிவிட்டு அத்தான் குதிப்பார்.

வள்ளமே சிரிக்கும். ஆனால் அவர் தலை தண்ணீருக்குள் போன நிமிஷம் என் வாய் அடைத்துவிடும். கயிறு உள்ளங்கையில் உயிரோடு கிடக்கும். என்னை அந்த மாதிரி யாரும் காலேஜில் பார்த்ததில்லை.

பி.யூ.சி. முழுக்க இப்படித்தான் ஓடியது. அத்தானுடைய மூச்சில் நான் படித்தேன். படித்தேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். வாத்தியார் மாதிரிப் பேசிக் காட்டினேன், மாட்டினி பார்த்தேன், நடுவில் படித்தேன்.

இங்கிலீஷ் பரீட்சைதான் கடைசி. அந்த வாரம் கடல் கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடந்தது. காற்று திரும்பிவிட்டால் கலங்கிவிடும், அதோடு சீசன் முடிந்தது. அந்த நேரத்தில் ஒரு நாளை யாரும் விடமாட்டார்கள். வள்ளத்தில் மற்றவர்களுக்கு அவரவர் மச்சினன் இருந்தான். அடுத்தவர் கயிற்றை வாங்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. அந்தப் பாவம் தலையில் விழுந்தால் என்ன செய்வது என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு என் சேக்காளி ஞாபகம் வந்தான். நாசரேத்துக்காரன், வாத்தியார் மகன், எங்கள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்து பி.காம். படிக்கிறான். அவனுக்கு அன்று பரீட்சை இல்லை. கடலைக் கரையில் நின்று மட்டுமே பார்த்தவன்.

“எனக்கு நீச்சலே தெரியாதுடே” என்றான்.

“குளிக்கப் போறது எங்க அத்தான். உனக்கு எதுக்கு நீச்சல்?”

ஹாஸ்டல் கிணற்றில் வைத்துப் பழக்கினேன். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நான் குதித்தேன். தலை நனைவதற்குள் தூக்கிவிட்டான். மறுபடி குதித்தேன். மறுபடியும் தூக்கினான்.

“ஏலே, நான் சுண்டவே இல்லயே.”

“நீ செத்துட்டன்னு நெனச்சேன்.”

அதைப் பார்த்த பிறகாவது நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. இவன் என் சித்தப்பா மகன், அப்படியென்றால் அத்தானுக்கு இவனும் மச்சினன்தானே என்று வள்ளக்காரர்களிடம் அளந்துவிட்டேன். அவர்கள் சந்தேகப்படாமல் இருக்க அக்காவின் ஜெபமாலையை எடுத்து அவன் கழுத்தில் போட்டேன். அவன் புராட்டஸ்டன்ட், அவன் சபையில் ஜெபமாலையும் கிடையாது, சொரூபமும் கிடையாது.

“எங்க சபை ஐயருக்குத் தெரிஞ்சா என்னயத் தள்ளி வச்சிருவாருடே.”

“தள்ளி வச்சா வா, எங்க கோயில்ல எடம் இருக்கு.”

அத்தானுக்கு உண்மை தெரியும். சிரித்தார். “நீ போய் எழுதிட்டு வா. உங்க அக்காட்ட மட்டும் மூச்சு விடாத” என்றார்.

பத்து மணிக்குப் பரீட்சை. கேள்வித்தாளை வாங்கினேன். வாசித்தேன். வாசித்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வலது உள்ளங்கையில் யாரோ சுண்டுகிற மாதிரி இருந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். அப்போதும் சுண்டியது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தேன். இந்நேரம் அவர் உள்ளே இருப்பார், இந்நேரம் சுண்டியிருப்பார், அவன் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு முழித்துக்கொண்டிருப்பான். அரை மணி ஆகி, வெளியே விடலாம் என்று மணி அடித்ததும் பேப்பரைக் கொண்டு நீட்டினேன்.

“அவ்வளவுதானா?” என்றார் மேற்பார்வைக்கு நின்ற சார்.

“மிச்சம் வீட்ல இருக்கு சார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. கடற்கரைக்கு ஓடினேன்.

ஒரு வள்ளமும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓடங்களின் நிழலில் நின்றுகொண்டு கடலையே பார்த்தேன். அப்போது மீன் வாங்க அக்கா வந்தாள். என்னைப் பார்த்தாள். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள், பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தாள்.

“ஏலே, நீ ஏன் இங்கன நிக்க? கடலுக்குப் போகலயா?”

“பரீட்சை, அக்கா.”

“அப்ப கயிறு யார் கையில கெடக்கு?”

“நாசரேத்துல புதுசா ஒரு தம்பி வாங்கி விட்டுருக்கேன் உனக்கு” என்றேன். எப்போதும் போலச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் மீன்பெட்டியைக் கீழே வைத்தாள். அப்படியே மணலில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபமாலையைத் தேடி அவள் கை மடியைத் தடவியது. அது கடலில் என் சேக்காளி கழுத்தில் கிடந்தது.

மற்ற வள்ளங்கள் வருவதற்கு முன்னாலேயே எங்கள் வள்ளம் தெரிந்தது. சீக்கிரம் திரும்புகிற வள்ளம் நல்ல செய்தி கொண்டு வராது. அக்கா எழுந்தாள். நான் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். சட்டை நெஞ்சுவரை நனைந்த பிறகுதான் வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில் அத்தான் குத்தவைத்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர் கரையில் கால் வைத்தபோது கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. எல்லாரும் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். அக்கா மட்டும் கையைத் தூக்க மறந்து நின்றாள்.

சேக்காளியைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது. வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்திருந்தது. உள்ளங்கை இரண்டும் உரிந்து தொங்கியது. அவன் நிலைமையைப் பார்த்துத்தான் வள்ளத்தைச் சீக்கிரம் திருப்பியிருந்தார்கள்.

“மாப்ள, உன் சேக்காளி என்னயக் கடலுக்குள்ள போகவே விடலல” என்றார் அத்தான். “கால் தரையில படும், தூக்கிருவான். சங்கப் பாப்பேன், கை நீட்டுவேன், தூக்கிருவான். மீனு கூட இவ்வளவு வேகமா மேல வராது.”

வலைப்பையின் அடியில் ஏதோ கொஞ்சம் கிடந்தது. வேகமாக ஏற்றி ஏற்றி இறக்கியதில் அவர் காதிலிருந்து ரத்தம் கசிந்திருந்தது. அதைத் தோளால் துடைத்துக்கொண்டே கேட்டார்: “பரீட்சை எழுதிட்டியால?”

“எழுதிட்டேன் அத்தான்.”

“நல்லாவா?”

“பிரமாதமா.”

காலேஜ் நேரமெல்லாம் அவருக்கு என்ன தெரியும் என்ற தைரியத்தில் சொன்னேன். அவர் பன்னிரண்டு அடித்து ஓய்ந்த கோயில் கோபுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன். “சரி, வா சாப்பிடுவோம்” என்றார்.

அக்கா பல நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு விழும், வார்த்தை விழாது. ஒருநாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நீ கயித்தப் புடிச்சிருக்கன்னு நெனச்சுத்தாம்ல நான் இங்கன சோறு பொங்குதேன்.” அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் பேசினாள், நான்தான் குறைத்துக்கொண்டேன்.

ரிசல்ட் வந்தது. இங்கிலீஷ் மட்டும் போய்விட்டது.

“போனா போவுது, அக்டோபர்ல எழுது. நான் கட்டுதேன்” என்றார் அத்தான். சீசன் முடிந்துவிட்டதால் இப்போது உப்பு மூட்டை ஏற்றப் போகிறார், அந்தக் காதோடு. முழுப் பரீட்சையும் எழுதித் தோற்றவன் என்று நினைத்து எனக்காக அவர் மூட்டை தூக்குகிறார். நான் அப்படித் தோற்கவில்லை. எழுந்து ஓடி வந்தேன். கயிற்றையும் பிடிக்கவில்லை, பேனாவையும் பிடிக்கவில்லை. உங்களை நினைத்துத்தான் ஓடி வந்தேன் என்று அவரிடம் சொன்னால் அது உண்மைதான், ஆனால் அதைச் சொன்னால் என்னை நல்லவனாக்கிவிடுவார். பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லாரையும் கிண்டல் பண்ணுகிற வாய் அந்த ஒரு மனுஷன் முன்னால் திறக்கமாட்டேன் என்கிறது. நாளைக்குப் பணம் கட்டப் போக வேண்டும்.

இதுவரை எழுதியதை நோட்டிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனேன். வாசித்துவிட்டு, அத்தானிடம் எப்படிச் சொல்ல என்று நீயே சொல்லு என்றேன். சேக்காளி கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கடைசிவரை வாசித்தான். தாள்களை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சொன்னான்:

“ஏலே, பரீட்சை ஒரு மணிக்குத்தான் முடியும்னு அன்னைக்கு வள்ளத்துல வச்சே உங்க அத்தான்ட்ட நான் சொல்லிட்டேன்.”