கழுவக் கூடாத தொட்டி

மருத்துவமனையில் அவருக்கு ஆவி அக்கா என்று பெயர். அறுவைச் சிகிச்சைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் இயந்திரத்தை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறவர். அந்த அறை அடித்தளத்தில், ஜன்னல் இல்லாமல் இருக்கும். புதிதாகச் சேரும் நர்சுகளிடம், கீழே ஆவி அக்கா இருப்பார், போய்ப் பார் என்று சொல்லி அனுப்புவார்கள். பாதிப் பேர் படிக்கட்டிலேயே தயங்கி நின்றுவிடுவார்கள்.

கத்தரிக்கோலின் இடுக்கில் கடுகளவு கறை இருந்தாலும் தட்டு முழுவதையும் அக்கா திரும்ப மெஷினுக்குள் தள்ளுவார். ஒவ்வொரு முறையும் நேரம், சூடு, அழுத்தம் மூன்றையும் நோட்டில் குறிப்பார். கடைசிக் கட்டத்தில் 'சுத்தம்' என்று எழுதிச் சிவப்பு மையில் ஒரு டிக். வீட்டிலும் அதே கைதான். அவர் கணவர் தச்சர். சட்டையில் மரத்தூளோடு வந்தால் வாசலிலேயே நிறுத்தப்படுவார்.

இப்படிப்பட்டவர் ஒரு மழை நாளில் ஒதுங்க இடம் தேடி மீன் கடைக்குள் போனார். பின்சுவர் ஓரம் கடல் மீன்களுக்கென்று நாலைந்து தொட்டிகள். அதில் ஒன்றில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கோமாளி மீன் தனியாக இருந்தது. பிறவியிலேயே ஒரு பக்கத் துடுப்பு பாதிதான். அதனால் ஒரு பக்கம் காற்று இறங்கிய வண்டி மாதிரிச் சாய்ந்து சாய்ந்து நீந்தியது. ஆனாலும் தீனி போட்டால் முதலில் மேலே வந்தது அதுதான். மழை விட்டும் அக்கா கிளம்பவில்லை. மறுநாள் மழையே இல்லை, அன்றும் போனார்.

கடையை நடத்துகிறவள் முப்பது வயதுப் பெண். இரண்டு மாதத்தில் கடையைச் சின்ன இடத்துக்கு மாற்றுவதாகவும், அங்கே கடல் தொட்டிகளுக்கு இடமில்லை என்றும் சொன்னாள். மற்ற மீன்களை மொத்த வியாபாரி எடுத்துக்கொள்கிறார். இந்தத் துடுப்பைப் பார்த்துவிட்டு இது மட்டும் வேண்டாம் என்றுவிட்டாராம்.

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருப்பேன்க்கா. அதுக்கப்புறம் இதுக்குத் தண்ணி இல்ல" என்றாள்.

அதைத் தானே வளர்ப்பதென்று அக்கா அன்றைக்கே கைச்செலவுக்குள் அடங்கும்படி ஒரு பட்டியல் போட்டார். மருத்துவமனை வரவேற்பறையில் எப்போதோ தங்கமீன் வளர்த்த அறுபது லிட்டர் தொட்டி ஸ்டோரில் தூசி பிடித்துக் கிடந்தது. அதைப் பழைய சாமான் விலைக்குக் கேட்டு வாங்கினார். அடியில் செய்தித்தாள் விரித்து நீர் நிரப்பி இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். தாள் நனையவில்லை. நீரும் கல்லும் சேர்ந்தால் எண்பது கிலோ வரும் என்று கணக்குச் சொன்னதும், கணவர் ஒரு பழைய கதவை அறுத்து, ஆள் ஏறி நின்றாலும் அசையாத மேசை செய்து கொடுத்தார். ஏறி நின்றும் காட்டினார்.

குழாய்த் தண்ணீர் ஆகாது என்பதால் சுத்திகரித்த நீரைக் கேனில் வாங்கினார்கள். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கடல் உப்பு, சமையலறைத் தராசில் நிறுத்துப் போட்டது. வெண்மணல், காய்ந்த பவளக் கற்கள், நீரை ஓட்ட ஒரு சின்ன மோட்டார், பஞ்சு வைத்த வடிகட்டி, ஒரு ஹீட்டர், சாதாரண டியூப் லைட். நீர் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டினார். காற்றில் போவது நீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். அதனால் டேப்புக்குக் கீழே இறங்கினால் உப்பில்லாத நீரை ஊற்ற வேண்டும். இதையெல்லாம் கடைப் பெண் ஒரு முறைதான் சொன்னாள், அக்கா ஒன்றையும் தவறவிடவில்லை.

அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். மீன் வருவதற்கு முன் தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போட வேண்டும். அது அழுகி அமோனியா ஏறும். பிறகு தொட்டி பழகி, அது தானாக இறங்கும். சோதனைக் குழாயில் தொட்டி நீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் பச்சையாகத் தெரியும், அது மஞ்சளானால் மீனைக் கொண்டுபோகலாம்.

"ஆளே வராத வீட்டுக்கு மூணு வேளையும் சாப்பாடு அனுப்பறா" என்று கணவர் பட்டறையில் சொல்லிச் சிரித்தார்.

முதல் வாரம் பச்சை. இரண்டாம் வாரமும் பச்சை. ஐந்தாம் வாரம் முடிந்தபோதும் பச்சைதான், பாசி நிறத்தில். மாசக் கடைசிக்கு இரண்டு வாரமே பாக்கி. அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீனைப் பார்க்கக் கடைக்குப் போவதையே நிறுத்தினார். ஏன் என்று கணவர் கேட்டதற்கு, அது முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றார்.

கடைசியில் தொட்டிக்கென்று எழுதிவந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைப் பெண் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். உப்பு சரி. சூடு சரி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகவும் 'சுத்தம்' என்று எழுதி ஒரு சிவப்பு டிக்.

"இந்த 'சுத்தம்'னா என்னக்கா செய்வீங்க?"

அக்கா ஒளிக்கவில்லை. கல்லை எல்லாம் வெளியே எடுத்து வெந்நீர் ஊற்றிப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதையும், வடிகட்டிப் பஞ்சை இருபது நிமிஷம் கொதிக்கவைப்பதையும், மணலை அலசுவதையும் வரிசையாகச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

கடைப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது கண்ணில் நீர்.

"அக்கா, அமோனியாவைத் தின்னுற கிருமி அந்தக் கல்லுலயும் பஞ்சுலயும்தான் குடி வரும். நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அதுங்களைக் குடும்பத்தோட அவிச்சிருக்கீங்க."

"நல்ல கிருமின்னு ஒண்ணு இருக்கா என்ன?" என்றார் அக்கா. உண்மையாகவே கேட்டார். அவருடைய அறையில் அப்படி ஒன்றுக்கு இடமில்லை.

புதிதாகக் கிருமி வளர இன்னும் ஒரு மாதம் ஆகும், அந்த ஒரு மாதம் கையில் இல்லை. கடைப் பெண் கோமாளி மீனின் தொட்டியிலிருந்து வடிகட்டிப் பஞ்சை வெளியே எடுத்தாள். காப்பித் தூள் வடிகட்டிய துணி போலப் பழுப்பாக, வழவழவென்று இருந்தது. அக்கா தன்னையறியாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவள் அதைக் கத்தரியால் இரண்டாக வெட்டி, பாதியை அதே தொட்டித் தண்ணீரோடு மூடி போட்ட வாளியில் வைத்து நீட்டினாள். ஒரு கல்லும் சேர்த்துக் கொடுத்தாள்.

"ஈரம் காயறதுக்குள்ள தொட்டியில போடணும். அதுக்கப்புறம் நீங்க ஒண்ணுமே செய்யக் கூடாது. கைய கட்டிட்டு உக்காரணும்."

தச்சர் ஸ்கூட்டர் ஓட்ட, அக்கா பின்னால் வாளியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் பஞ்சை இரண்டு விரலால் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வடிகட்டிக்குள் வைத்தார். கணவர் பிரஷ்ஷை எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் மேல் பரணில் வைத்துவிட்டார்.

அந்தப் பத்து நாள் அக்காவுக்குப் பெரிய வேலை. நாலாம் நாள் மணல் மேல் பழுப்புப் படலம் படர்ந்தது. ஐந்தாம் நாள் கண்ணாடியில் ஏறியது. வேலை முடிந்து வந்து தொட்டி முன்னால் நின்று, துப்பட்டா முனையை விரலில் சுற்றுவார், அவிழ்ப்பார். ஆறாம் நாள் பொறுக்காமல் கடைக்குப் போன் செய்து, முன் கண்ணாடியை மட்டுமாவது துடைக்கலாமா என்று கேட்டார். மீன் வெளியே பார்க்கிற அளவுக்குத் துடைத்துக்கொள்ளலாம், பக்கத்திலும் பின்னாலும் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த ஒரு கண்ணாடியை அக்கா துடைத்த நேரத்தில் ஒரு வீட்டையே கழுவியிருக்கலாம் என்று தச்சர் பிறகு சொன்னார்.

ஏழாம் நாள் குழாயில் பச்சை வெளுத்தது. எட்டாம் நாள் மஞ்சள். அக்கா நம்பாமல் இன்னொரு முறை சோதித்தார், கணவரைக் கூப்பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். தீனி போட்டுப் போட்டு ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் பார்த்தார். மஞ்சள், மஞ்சள்.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால், ஒரு சனிக்கிழமைக் காலை, மீன் பையில் வந்து சேர்ந்தது. மெல்லிய குழாய் வழியாகத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு மணி நேரம் பழக்கினார்கள். அக்கா சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளே விட்டதும் மீன் நேராகக் கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மத்தியானம் வரை வரவில்லை. தச்சர் வேலைக்குப் போகாமல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புது வீடு, கூச்சம் இருக்கும் என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்று மணிக்குக் கல்லின் ஓரத்தில் ஓர் ஆரஞ்சு முனை தெரிந்தது. சாய்ந்தபடியே வெளியே வந்தது. மணலில் இருந்த பழுப்புப் படலத்துக்கு மேலாக ஒரு சுற்று சுற்றியது, துடைத்த கண்ணாடிக்கு அருகே வந்து நின்றது. அக்கா ஒரு குருணைத் தீனியைப் போட்டார். மீன் எம்பிப் பிடித்தது.

அக்கா கடைக்குப் போன் செய்தார். அங்கே பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டுடுச்சு."

டேப் சத்தம் நின்றது. "எத்தனைக்கா?"

"நாலு. அஞ்சாவதைத் துப்பிடுச்சு."

"அப்ப வயிறு நெறஞ்சுடுச்சு" என்றாள் அவள். "நீங்க போய்ச் சாப்பிடுங்க."