கழுவிய கால்

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். வசவுகளை மட்டும் எழுத மாட்டாளாம். அவற்றை எடுத்துவிட்டால் அன்றைக்கு நடந்ததில் என்ன மிச்சம் இருக்கும்?

போன மழைக்கு முன்னால் உப்பள வேலையை விட்டேன். முட்டி வலி. குதிகால் வெடிப்பில் உப்புத்தண்ணீர் ஏறி ஓயாத எரிச்சல். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வேலையை அடியோடு விடுகிறவள், வரப்பில் நின்று நல்ல தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். கழுவிய கால் மறுபடி பாத்தியில் இறங்கினால், காலம் தப்பி மழை பெய்து விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிடுமாம். நான் சும்மாவா கழுவினேன்? குடம் தண்ணீரை ஊற்றி, சோப்புப் போட்டு, "இனிமே செத்தாலும் இந்தச் சேத்துல எறங்க மாட்டேன்டி" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டுத்தான் போனேன்.

கோட்டக்குப்பத்தில் மகள் வீடு, மாடியில். குறை சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் வெள்ளிக்கிழமையானால் பிரியாணி கொடுத்தனுப்புவாள். அந்த வாசனை இருக்கிறதே... சரி, அது வேறு கதை. சாப்பிட்டேன், டிவி பார்த்தேன், தூங்கினேன். உட்கார்ந்தே கிடந்ததில் முட்டி வலி இன்னும் கூடியது. பேச ஆளில்லாமல் மகளோடு சண்டை பிடித்தேன். சும்மா இருக்கத்தானே இத்தனை காலம் ஏங்கினேன்? அந்த ஏக்கம் எங்கே போய்த் தொலைந்ததோ!

மழை விட்டு, பாத்தித் தரையை மிதித்து இறுக்கும் வேலை தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிவிட்டேன். வரப்பில் மேஸ்திரி குறுக்கே கையை நீட்டினான். நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பயல்.

"ஆயா, நீ கால் கழுவிட்டுப் போனவ. எறங்காத."

"கழுவுனதும் நான்தான், எறங்கப்போறதும் நான்தான். உனக்கு இன்னாடா?"

"நீதானே செத்தாலும் வர மாட்டேன்னு சொன்ன?"

எனக்கு வந்ததே கோபம்! என்றைக்கோ சொன்ன ஒரு வார்த்தையில் ஒருத்தியை ஆயுசுக்கும் கட்டிப்போடுவார்களா?

"டேய், மாமன் பொண்ணக் கட்ட மாட்டேன்னு மெட்ராஸுக்கு ஓடுனவன் யாருடா? இப்ப அவளையே கட்டிக்கிட்டு, அவ அம்மா வூட்டுக்குப் போயிட்டா சோறு எறங்காம பின்னாலயே போய் நிக்கிற. நீ மாறலாம், நான் மாறக் கூடாதா?"

மிதித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சம்சாரமும் அங்கேதான் இருந்தாள். "நல்லாக் கேளு ஆயா!" என்றாள்.

"மழை வந்து உப்பு கரைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றான் அவன்.

"வருஷா வருஷம் காலந்தப்பி ஊத்துதே, அதுக்கெல்லாம் எவ கால் கழுவிட்டுத் திரும்பி எறங்குனா?"

கையை எடுத்துவிட்டான். ஆனால், "கடைசி வரிசைக்குப் போ" என்றான். முன்வரிசையில் நின்று எல்லோருக்கும் அடி எடுத்துக் கொடுத்தவள் நான்! திட்டிக்கொண்டேதான் இறங்கினேன். வெடிப்பில் உப்பு ஏறி உச்சந்தலை வரை எரிந்தது. அதையும் திட்டினேன். சுகமாக இருந்தது.

டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அடுத்த வருஷமும் வருவியா? இப்பவே சொல்லிடு ஆயா."

இவ்வளவு நடந்தும் இவனுக்குப் புத்தி வரவில்லை.

"அத அடுத்த வருஷத்துக் கெழவியக் கேளுடா. அவ இன்னா நெனப்புல இருப்பாளோ, எனக்கு எப்படித் தெரியும்?"