முப்பதுக்கு இருபத்தெட்டு

ஓரிடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் நான் நின்றதில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் புத்தளத்தில் உப்பளம், மன்னாரில் கருவாட்டு வாடி, பிறகு றோட்டு வேலை. அறுபதுகளின் நடுவில் திருகோணமலைக்கு வந்தேன். கடல்வழியே மூதூருக்குப் பயணிகளை ஏற்றிப் போய்வரும் ஒரு லாஞ்சில் கயிறு பிடிக்கும் வேலை கிடைத்தது. விடிந்தால் ஓட்டம், பொழுதுபட்டால் நிறுத்தம். ஓடிக்கொண்டே இருக்கும் வேலை என்பதால் எனக்கு ஒத்துப்போனது.

அங்கே எட்டு மாதம் ஆனபோது முதலாளி இரண்டாவது லாஞ்ச் ஒன்றை வாங்கினார். பழைய லாஞ்சின் சுக்கான்காரருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. ஆகவே லைசென்ஸ் எடுத்தால் கயிறு பிடித்த எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சுக்கான் என்றார். மற்றவன் என் கிண்ணியாக் கூட்டாளி. துறைமுகக் கந்தோரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாய்மொழிச் சோதனை. முப்பது கேள்வி, இருபது சரியாக வேண்டும். தவறினால் ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி எடுக்க விடுவார்கள்.

கேள்விகளில் பெரும்பாலானவை விளக்குகளைப் பற்றியவை. இருட்டில் தெரியும் நிறங்களை வைத்து, எதிரே இருப்பது என்ன கப்பல், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல வேண்டும். பகலில் ஓடும் எங்களுக்கு அதைப் பழக வழியில்லை. சோடா மூடிகளுக்குச் சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாகப் பெயின்ட் பூசினோம். ஒருவன் கந்தோரில் வாங்கிய கேள்விக் கொப்பியில் உள்ள படத்தைப் பார்த்து எஞ்சின் பெட்டியின் மேல் மூடிகளை வைப்பான். மற்றவன் விடை சொல்வான். சரியென்றால் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு.

முதல் கிழமை எனக்குப் பதினொன்று. ஒரு மாதத்தில் இருபத்தெட்டு. அவனுக்கும் அதே இருபத்தெட்டு.

"மச்சான், நீ இனிக் கப்டன்தான்டா. தொப்பி ஒண்டுதான் குறை," என்றான்.

ஒரு வெள்ளிக்கிழமை லாஞ்ச் மூதூரில் நின்றது. அவன் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு நகரத்துக்குத் திரும்பும் ரீச்சர் ஒருவர் நேரத்தோடு வந்து ஏறினார்.

"என்ன தம்பி, கரம் விளையாட்டோ?"

"சோதினைக்குப் படிக்கிறன் ரீச்சர்."

"அப்ப கொப்பியைத் தாங்கோ. சோதினை வைச்சுத்தானே நான் சாப்பிடுறன்."

அவர் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தார். பிறகு பக்கங்களைப் புரட்டி முன்னுக்குப் போனார், பின்னுக்குப் போனார். நான்காவது கேள்வியில் மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் வைத்தார். எனக்கு ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"என்ர முகத்திலயே விளக்கு எரியுது? மூடியைப் பாருங்கோ."

மூடியைப் பார்த்தேன். மூடிதான் தெரிந்தது. முடிவில் அவர் கோடுகளை எண்ணி, "பதினாலு. பெயில்," என்றார். சிரிக்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது. மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்றால் மீன்பிடிப் படகு. கூட்டாளி மீன்பிடிக் குடும்பத்தான். அந்தப் படத்தை வைக்கும்போதெல்லாம் அவன் வாய் கொஞ்சம் கோணும். நங்கூரமிட்ட கப்பல் என்றால் வெற்றிலையை மற்றக் கன்னத்துக்குத் தள்ளுவான். கொப்பியையும் எப்போதும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்குவான். ஒரு மாதமாக நான் படித்தது அவனைத்தான்.

திரும்பும் ஓட்டத்தில் ரீச்சர் அவனையும் கேட்டார். இருபத்தைந்து. சின்ன வயதிலிருந்தே தகப்பனோடு கடலுக்குப் போனவன். ஒவ்வொரு மூடிக்கும் பின்னால் அவன் நேரில் கண்ட ஒரு விளக்கு இருந்தது.

பழைய கோடுகளை ஈரத்துணியால் துடைத்தேன். அதன்பின் ஒவ்வொரு நாளும் புதிய பயணி ஒருவரிடம் கொப்பியைக் கொடுத்தேன். தோப்பூர்ப் புடவை வியாபாரி கேட்டபோது பதினாறு. ஆஸ்பத்திரி நேர்ஸ் கேட்டபோது பதினெட்டு. ஒரு பொலிஸ்காரர் கேட்டபோது, அவருடைய குரலுக்குப் பயந்தோ என்னவோ, பதினைந்து. விண்ணப்பம் கொடுக்கும் கடைசி நாள் வரைக்கும் பதினெட்டைத் தாண்டவில்லை.

"இந்த முறைய விடு மச்சான்," என்றான் கூட்டாளி. "ஆறு மாசத்தில அடுத்தது வருகுதுதானே."

"ஆறு மாசம் இருக்க ஏலாது."

"பெயிலானா ஒரு வருசம் இருக்கணும். அது ஏலுமா ஒனக்கு?"

"பதினெட்டு இருவதுக்குக் கிட்டத்தானே. அண்டைக்கு ரெண்டு கூட விழும்."

"கூட விழுற மாதிரிக் குறையவும் விழும்டா, மடையா."

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். இருபத்தெட்டை நம்பி ஏமாந்தது அறியாமை. பதினெட்டை இத்தனை பேரிடம் கேட்டு உறுதிசெய்தபின் அதை நம்ப மறுத்ததற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. இன்னும் ஆறு மாதம் ஓரிடத்தில் இருந்து படிக்க உடம்பு விடவில்லை. மத்தியானம் கந்தோருக்கு நடந்துபோய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சோதனை அறையில் ஒரு கறுப்புப் பலகை. அதில் நிற பல்புகள். சோதிப்பவர் எனக்குப் பின்னால் நின்று சுவிட்சைப் போட்டார். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டார். பதினேழு. கூட்டாளிக்கு இருபத்தாறு.

அடுத்த திங்கட்கிழமை புதிய லாஞ்ச் அவன் கையில். கயிறு பிடிக்க என்னை அதற்கு மாற்றினார்கள். சனம் ஏறி முடிந்தது. அவன் சுக்கானுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான். எனக்கு ஏவல் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முன்னால் இருந்த கிழவர் ஒருவர் அவனை அண்ணன் முறையில் அழைத்து, "என்ன காக்கா, விடுற எண்ணமில்லையோ?" என்று கேட்டார்.

"கயித்த விடு மச்சான்," என்றான், முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டு.

விட்டேன். லாஞ்சுக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் ஒரு முழம் தண்ணீர் விரிந்தது. அடுத்த ஊருக்குப் போய்விட மட்டக்களப்பு பஸ் எத்தனை மணிக்கு என்பது எனக்குத் தெரியும். கால் கரையில்தான் நின்றது. பிறகு பாய்ந்து ஏறி, நனைந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன்.