நிவாரண அட்டையில் ஐந்து பெயர்கள்

யுத்த காலத்தில் கிளிவெட்டியில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். பள்ளிக்கூடத்தில் இருந்த கொஞ்சக் கதைப் புத்தகங்களையும் அதிபர் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். “துலைஞ்சா ஆர் பதில் சொல்லுறது?” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணில் எழுத்தே படாத வகுப்பில் பிள்ளைகள் எதைத்தான் வாசிப்பார்கள்?

சுவரை நிரப்புவோம் என்று, “வீட்டில எழுத்துள்ளது எது கிடந்தாலும் கொண்டு வாங்கோ” என்றேன். சவர்க்கார உறை, தேயிலைப் பெட்டி, பழைய கலண்டர் எல்லாம் வந்தன. பெரிதாகப் பார்த்தெழுதி ஒட்டினோம். எழுதியதை மூலத்தோடு ஒத்துப் பார்த்து, விடுபட்டதைச் சொல்ல வேண்டும். அது என் சட்டம்.

ஒரு சிறுமி, வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கும் நிவாரண அட்டையைக் கொண்டுவந்தாள்.

“இது துலைஞ்சா அம்மா என்ன செய்வா? ஏன் பிள்ளை கொண்டு வந்தனீ?” என்று ஏசினேன்.

“எங்கட வீட்டில எழுத்து இருக்கிறது இதில மட்டுந்தான் டீச்சர்.”

அட்டையில் இருந்த ஐந்து பெயர்களையும் எழுதி ஒட்டினேன். தகப்பனின் பெயரைச் சிவப்பு மையால் கீறி வெட்டியிருந்தார்கள். இல்லாமல் போனவர்களை அப்படித்தான் வெட்டுவார்கள். நான் கீறாமல் விட்டேன்.

அவள் அட்டையைப் பிடித்தபடி, சுவரில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாசித்தாள். ஒரு எழுத்தும் பிழைக்கவில்லை.

“டீச்சர், அப்பாட பேருக்கு மேல கீற மறந்திட்டீங்கள்.”

கொப்பி திருத்தும் சிவப்புப் பேனை என் கையில்தான் இருந்தது.