எனக்குப் பார்த்து வைத்த பாட்டு

சங்கரன்கோவிலில் எங்கள் கிறிஸ்தவ சபையில் யாராவது இறந்தால், கீபோர்டு வாசிக்கப் புளியங்குடியிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வருவார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கசங்காத வெள்ளைச் சட்டை. சவப்பெட்டியைத் தூக்கும்போது அவர் வாசிக்கும் மெட்டு மட்டும் பாட்டுப் புத்தகத்தில் இருக்காது.

பெரியப்பா அடக்கத்தன்று கண்டுபிடித்துவிட்டேன். காலேஜ் பிள்ளைகள்கூட ஒதுக்கிவிட்ட ஒரு வெளிநாட்டு பாப் குழுவின் பாட்டு அது. வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார்.

அவரை பஸ் ஏற்றிவிடப் போனபோது எரிச்சலோடு கேட்டேன். "போயும் போயும் அந்த உப்புச் சப்பில்லாத பாட்டையா அண்ணாச்சி வாசிச்சிய?"

அவர் கோபப்படவில்லை. "எனக்கு அவங்கன்னா உயிரு தம்பி. எல்லாரும் சப்புன்னு இருக்குன்னுதான் சொல்லுதாவ. பெட்டியில இருக்கவங்க ஒருத்தரும் சொன்னதில்ல. ஆளுக்குத் தக்கன ஒரு பாட்டு எடுத்து வைப்பேன்."

பிறகு, தையல்காரர் அளவு பார்ப்பதுபோல என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கும் ஒண்ணு பாத்துட்டேன்."

பஸ் போய்விட்டது. எந்தப் பாட்டு என்று அவர் சொல்லவில்லை.

இப்போது அந்தக் குழுவின் எல்லாப் பாட்டும் என் போனில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பாதி வேகத்தில் வைத்துக் கேட்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றுகூட சப்பென்று இல்லை.